நின்று போகும் போன்

தென்காசி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில், செல்போன் பழுது பார்க்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜன்னத். எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருந்தாள். சீடர் ஆவுடையப்பன் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளிடம் வேலை கற்க வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆவுடையப்பன் மேசை மேல் இரண்டு போன்களை வைத்தார். ஒன்று ஆண்ட்ராய்டு. வாங்கி ஏழு வருடம், இரண்டு மாதம். இன்னொன்று ஐபோன். பெட்டி பிரிக்காதது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இந்தப் பழசு வீட்டுக்காரியோடது. நின்னு நின்னு போகுது. புதுசு, மகன் தோஹாவிலேருந்து கொடுத்துவிட்டது. பழசையே வச்சுக்கிடலாமா, இதுக்கு மாறிரலாமா?"

"மதினி என்ன சொல்லுதாங்க?"

"உங்க மாஸ்டர்ட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொல்லுதா. ஞாயித்துக்கிழமைக்குள்ளே முடிவு தெரியணுமாம்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி இசக்கியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். எழுபத்திரண்டு வீடுகள். இசக்கியம்மாளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அதனால் வீட்டுக்காரர்கள் காலை எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு கிலோ. எனக்கு அரை. இன்றைக்கு வேண்டாம், ஊருக்குப் போகிறோம். போன் நின்றுவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. போன வாரம் இரண்டு வீடு விட்டுப்போயிற்று. அதில் ஒரு வீட்டில் வேறு ஆளிடம் மாவு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜன்னத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோளாறை முதலில் கொண்டுவந்தவர் சொல்ல வேண்டும். அடுத்து போன் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்காமல் ஸ்க்ரூவைத் தொட மாட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிக்குது?"

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். "பத்தொன்பது நாள்ல இருநூத்தி ஏழு தடவை."

ஜன்னத் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி. நேரம். என்ன செய்யும்போது நின்றது. நான்காவதாக ஒரு கட்டம் இருந்தது. அதன் தலைப்பு, 'கூப்பிட்ட விதம்.'

அவள் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே படித்தாள்.

ஏங்க.

ஏங்க.

ஏங்க, செத்த வாங்க.

ஏங்க.

எங்கே போய்த் தொலைஞ்சீங்க.

ஏங்க.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"எழுதுறதுன்னா முழுசா எழுதணும்ல, மாஸ்டர்."

ஜன்னத் சிரிக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்தாள். பழைய போனைக் கையில் எடுத்தாள். முதுகு லேசாக உப்பியிருந்தது. உள்ளே இடம் முழுவதும் நிரம்பியிருந்தது. காலை வணக்கப் படங்கள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நின்றது.

"சரி. இங்கேயே இருக்கட்டும். அதுவரைக்கும் மதினி வீடு வீடாப் போய்க் கேட்டுக்கிடட்டும்," என்றாள்.

"முடிவு, மாஸ்டர்?"

"வேலையைப் பாருங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சேவியர் வந்தார். மீன் வேன் ஓட்டுகிறவர். போனை ஆவுடையப்பனிடம் நீட்டினார். அதுவும் ஆண்ட்ராய்டுதான்.

"அண்ணாச்சி, மத்தியானத்துக்குள்ளே சார்ஜ் இறங்கிருது. திடீர்னு அணைஞ்சு போகுது. மச்சினன் ஐபோனுக்கு மாறச் சொல்லுதான். நல்லதா?"

ஜன்னத் தலை நிமிராமல் தன் வேலையைப் பார்த்தாள். அதனால் ஆவுடையப்பனே கேட்டார்.

"வாங்கி எத்தனை வருஷம்?"

"ஆறு."

"தண்ணியில விழுந்துதா?"

"தண்ணியில இல்ல. ஐஸ் பெட்டியில ஒரு தடவை."

"அது தண்ணி கணக்குதான். அதுக்கப்புறம் ஓடுச்சா?"

"மீனோட மீனா நாலு மணி நேரம் கிடந்துச்சு. எடுத்ததும் மணி அடிச்சிட்டு."

ஆவுடையப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார்.

"ஐபோன் நல்ல போன்தான் சேவியர். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மாறுறதுன்னா பஸ்ஸு மட்டும் மாறாது, ரூட்டே மாறும். எந்த ஸ்டாப் எங்கே இருக்குன்னு ஒரு மாசம் தடவணும். வாட்ஸ்அப்ல பேசினது எல்லாம் வேணும்னா அதை முதல் நாளே ஏத்திக்கிடணும். அப்புறம் ஏத்தலாம்னு இருந்தா சங்கடம். இவ்வளவும் உமக்குத் தேவையா? உம்ம போனுக்கு வயசாகலே. பேட்டரிக்குத்தான் வயசாச்சு. பேட்டரியை மாத்தி, குப்பையைக் காலி பண்ணினா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"நிச்சயமா?"

"இதுவரைக்கும் நாப்பத்தி மூணு பேட்டரி மாத்தியிருக்கேன். ரெண்டுதான் திரும்பி வந்துச்சு."

"அப்ப நாப்பத்தி நாலாவதா என்னை ஏத்திக்கிடுங்க."

ஆவுடையப்பன் போனைச் சூடாக்கி முதுகைப் பிரித்தார். பதினான்கு ஸ்க்ரூ. கழற்றியதை எல்லாம் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். பேட்டரியை மாற்றினார். பதினான்கையும் பூட்டினார். இருபத்திரண்டு நிமிடம்.

"டிக்கெட் கிழிச்ச கையா இது," என்று சொல்லி சேவியர் இறங்கிப் போனார்.

ஜன்னத் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணாச்சி, அவருக்குச் சொன்னது சரிதானே?"

"சரிதான் மாஸ்டர். தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. நான்னாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம். மேசையைத் துடைத்தார்.

"நாப்பத்தி நாலு பேட்டரி மாத்தியாச்சு," என்றாள் ஜன்னத். "மதினி போனுக்கு ஏன் மாத்தலே?"

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கீழே மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மாத்தினா நின்னு போகாதே, மாஸ்டர்."

ஜன்னத் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"முப்பத்தொரு வருஷம் காலையில நாலு மணிக்குப் போவேன். ராத்திரி பத்துக்கு வருவேன். அவ பாட்டுக்கு அரைச்சா, வித்தா, பிள்ளையை வளத்தா. என்னைக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லே. ஆளு இருந்தால்ல கூப்பிட? இப்ப வீட்டுல இருக்கேன். இந்தப் போன் நின்னாத்தான் கூப்பிடுதா."

சொல்லிவிட்டு அவர் காந்தத் தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது.

ஜன்னத் இழுப்பறையைத் திறந்தாள். ஏழு வருடப் போனுக்குப் பொருந்தும் பேட்டரியை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"மாத்துங்க."

இருபத்திரண்டு நிமிட வேலை. ஆவுடையப்பன் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்க்ரூவை மூன்று தடவை பூட்டிக் கழற்றினார். ஜன்னத் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தாள். பிறகு டீ வாங்கி வைத்தாள். அதுவும் ஆறிப்போயிற்று. காலை வணக்கங்களை அவர் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா அழிக்கலாம் அண்ணாச்சி. உங்களுக்கே தெரியும்."

அவர் ஒன்றாக அழித்தார்.

போனை மேசையில் வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நல்லா ஓடுது," என்றார். யாருக்கோ வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் இசக்கியம்மாளே மாடி ஏறி வந்தார். கையில் மாவுத் தூக்குவாளி. அதை ஜன்னத்தின் பக்கம் தள்ளினார்.

"உனக்குத்தான் பிள்ளை. ராத்திரிக்கு வேண்டாம், புளிச்சிரும். இப்பமே ஊத்திச் சாப்பிடு." பிறகு கணவரிடம் திரும்பினார். "ஒரு போனைப் பார்க்க மூணு நாளா? இதுக்குள்ளே உங்க பஸ்ஸு காசிக்கே போயிட்டு வந்திருக்கும்."

ஆவுடையப்பன் பழைய போனை நீட்டினார்.

இசக்கியம்மாள் வாங்கி வாட்ஸ்அப்பைத் தொட்டார். முதல் குரல் பேசியது. இரண்டாவது பேசியது. மூன்றாவது வீட்டில் குழந்தை அழுவதும் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாகப் பன்னிரண்டு வீடுகள் பேசின. அவர் முகம் விரிந்துகொண்டே வந்தது.

"இது நம்ம போன்தானா?"

"நம்ம போன்தான்," என்றார் ஆவுடையப்பன்.

"அப்டேட் வர்றது நின்னாச்சு மதினி," என்றாள் ஜன்னத். "மாவு ஆர்டருக்குப் போதும். பேங்க் வேலைக்கு இது வேண்டாம்."

"பேங்குக்கு நான் நடந்துல்லா போறேன்." இசக்கியம்மாள் கணவரைப் பார்த்தார். "ஏங்க, இதைச் சரி பண்ண இத்தனை நாளா உங்களுக்குத் தெரியலையா?"

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார். குரு ஒரு சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுது," என்றார்.

"அப்புறம்?"

அவர் மேசை துடைக்கும் துணியை நாலாக மடித்தார். "விட்டுப்போன ரெண்டு வீட்டுக்கும் நானே போய்ப் பேசிட்டு வாரேன்," என்றார்.

இசக்கியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கண்டுபிடித்தது போலவும் இருந்தது. கண்டுபிடித்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று நினைத்தது போலவும் இருந்தது.

"சும்மா போகாதீங்க. ஆளுக்கு அரைக் கிலோ கொண்டு போங்க," என்றார். பிறகு புதுப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்கு. எனக்குப் பழசுல கை பழகிட்டு. உங்களுக்கு எதுலயும் பழகலே. எங்கே வேணும்னாலும் மாறிக்கிடலாம்."

"எனக்கு எதுக்கு? பட்டன் போன் இருக்கே."

"அது இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். அது மணி அடிச்சு நான் கேட்டதில்லே."

ஜன்னத் சிரித்துவிட்டாள். பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டாள். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்ட புதுப் போனுக்கு ஆவுடையப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதில் சொன்னார். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை இசக்கியம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மீதி வீடுகளைக் கேட்டு முடித்தார்.

"எல்லா வீடும் கேட்டாச்சு. ஒண்ணுலகூட நிக்கலே," என்று எழுந்தார். "வாரேன் பிள்ளை. தூக்கை இவர்ட்ட கொடுத்துவிடு."

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

ஆவுடையப்பன் புதுப் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இனி அது நின்னு போகாதுல்ல?"

"போகாது."

"அப்ப அவ என்னை எதுக்குக் கூப்பிடுவா?"

ஜன்னத் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். இசக்கியம்மாளின் எண்ணை அழுத்தினாள். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

படிக்கட்டில் மணி அடித்தது. செருப்புச் சத்தம் நின்றது.

"என்னங்க?" குரல் போனிலும் வந்தது, படிக்கட்டிலிருந்தும் வந்தது. "இன்னும் கீழேகூட இறங்கலையே. அதுக்குள்ளே என்ன விஷயம்?"

ஆவுடையப்பன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"என்ன விஷயம்னு கேக்கா, மாஸ்டர்."

"ஒரு விஷயமும் இல்லேன்னு சொல்லுங்க," என்றாள் ஜன்னத்.