லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு

கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே கம்பவுண்டர் அருளப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்த எழிலரசிக்கு இருபத்தேழு. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டுவார். இப்படி ஒரு மாணவர் கிடைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எழிலரசிக்கும் வந்திருந்தது.

அன்று காலை வலிப்பு வந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் ஊசியில் வலிப்பு நின்றது. அடுத்த மருந்து எத்தனை மில்லி என்று சேலத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் அந்த லைனின் இரைச்சலில் பதினைந்தும் பதினெட்டும் ஒன்றுதான். அதனால் டாக்டர், கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் வழியாக எழுதியே அனுப்பினார்.

திரையில் கடிதம் வந்தது. நடுநடுவே எழுத்துகளைக் காணோம். மருந்தின் பெயர் இருந்தது, அளவு இல்லை. வாசலில் குழந்தையின் அம்மா அருளப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழிலரசியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"மோடத்தச் செருகியிருக்கற சீரியல் போர்ட், அதுக்கு வேகம் எவ்வளவு வச்சிருக்கீங்க ஐயா?"

"இருக்கறதுலயே பெருசு, டீச்சர். லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறு. அவசரமாச்சே."

எழிலரசி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். "நான் சொல்றத எழுதுங்க."

அலமாரியில் ஒட்டியிருந்த மருந்துப் பட்டியலைப் படபடவென்று வாசித்தாள். மூன்றாவது பெயரிலேயே அருளப்பன் திணறினார். வாயைத் திறக்கவில்லை. அவள் முடித்தபோது தாளில் பாதிப் பெயர்களைக் காணோம்.

"இருங்கன்னு ஏன் சொல்லல?"

"டீச்சர் பேசும்போது குறுக்க எப்படிப் பேசறது?"

"இந்தப் பழைய போர்ட்டும் உங்கள மாதிரி மரியாதைக்காரன்தான். அவன் கையில ஒரு எழுத்துதான் நிக்கும். அத எடுக்கறதுக்குள்ள அடுத்தது வந்தா ஒண்ணு போச்சு. மோடத்துக்கிட்ட 'இரு'ன்னு சொல்லவும் நீங்க அவன விடல."

அவள் சொல்லச் சொல்ல அருளப்பனே மாற்றினார். வேகம் பத்தொன்பதாயிரத்து இருநூற்றுக்கு இறங்கியது. போர்ட் நிறுத்தச் சொன்னால் மோடம் காத்திருக்கும்படி செய்தார். மறுபடி சேலத்துக்கு டயல் போட்டார்.

கடிதம் வரிவரியாக வந்தது. ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை. இரண்டரை மில்லி. இரண்டு தரம் படித்துவிட்டு மருந்தோடு வார்டுக்கு ஓடினார்.

மத்தியானம் குழந்தை கண் விழித்துப் பால் கேட்டது. அருளப்பன் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பினார். உட்காராமல் நின்றார்.

"டீச்சர், எனக்குப் புரியல."

"எது ஐயா?"

"முதல் நாள் சொன்னதுலேருந்தே."

எழிலரசி தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்லதாப் போச்சு, உக்காருங்க. இத்தனை நாளா நான் தனியாத்தான் பேசிட்டு இருந்தேன்."