இரண்டாவது தடவை கேட்டால்

குழந்தைகளுக்கு எந்த வயதில் கணக்குப் புரியும் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து விரிவுரையாளர் திருமாறனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருநாள் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பு டீச்சர் பக்கத்தில் நிற்க, ஒன்றாம் வகுப்புப் பூவிழியை எதிரே உட்காரவைத்து, புளியங்கொட்டைகளை இரண்டு சம வரிசையாக அடுக்கினார்.

"எதுல அதிகம், பாப்பா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

ஒரு கொட்டைகூடச் சேர்க்காமல், ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீளமாக்கினார்.

"இப்போ சொல்லு. எதுல அதிகம்?"

பூவிழி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி நீள வரிசையைக் காட்டினாள்.

"பாத்தீங்களா! இன்னும் எண்ணிக்கையே புரியல. டீச்சர், இவளை மறுபடி பால்வாடிக்கே அனுப்பிடுங்க."

பூவிழிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சார், உங்க பேரு என்ன?"

"திருமாறன்."

"உங்க பேரு என்ன?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர் திருமாறன்."

"ரெண்டாவது தடவை கேட்டா நீங்களும் மாத்துறீங்களே சார்! மொதல்ல சொன்னது தப்போன்னு நெனச்சுத்தான் நானும் மாத்தினேன்."

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். திருமாறன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு புளியங்கொட்டைகளைப் பொறுக்கினார். அந்தப் பட்டத்துக்காக அவர் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்.

எல்லாரிடமும் இரண்டு தடவை.