புல்லுருவிக் குருவி

மேற்கு இங்கிலாந்தில், ஆப்பிள் தோப்புகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் வினிஃப்ரெட் என்ற பெண் துறவி இருந்தார். அவருடைய சீடன் காட்ரிக், பிரபுவின் மாளிகையில் இருபது வருடம் காவல் காத்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்தக் குளிர்காலத்தில், ஊர்ப் பொதுக்காடு தனக்கே சொந்தம் என்று பிரபு அறிவித்தார். விறகு பொறுக்கப் போனவர்களை அவருடைய ஆட்கள் அடித்து விரட்டினார்கள். சாட்சி சொல்லக் காட்ரிக்கை மாளிகைக்கு அழைத்தார்கள். ஊரே அங்கே கூடியிருந்தது.

"அந்தக் காடு யாருடையது?" என்று பிரபு கேட்டார்.

"ஊருடையது."

"இருபது வருடம் யார் ரொட்டியைத் தின்றாய்?"

"உங்களுடையதை."

"யோசித்துச் சொல்."

"யோசித்துத்தான் வந்தேன். ரொட்டிக்காகக் காவல் காத்தேன். பொய் சொல்ல ஒத்துக்கொள்ளவில்லை."

கூட்டத்திலிருந்த தச்சன் எழுந்து, "ஊருடையதுதான்" என்றான். பிறகு அவன் மனைவி எழுந்தாள். பிறகு எல்லோரும்.

ஊரே ஒரே வாயாகச் சொன்னபின் பிரபுவால் காட்டைத் தொட முடியவில்லை. காட்ரிக்கை மட்டும், இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்படி உத்தரவிட்டார்.

காட்ரிக் விடைபெற வந்தபோது புயல் பிடித்துக்கொண்டது. குடிசைக் கதவைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"ஊருக்குக் காடு கிடைத்தது, தாயே. எனக்கு நன்றி கெட்டவன் என்ற பெயர் கிடைத்தது. பத்து வருடம் என்னோடு ஒரே அறையில் படுத்த மாளிகைச் சமையல்காரன்கூட அப்படித்தான் கத்தினான். பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தின்றது உண்மைதானே?"

வினிஃப்ரெட் தோப்பைக் காட்டினார். மற்ற பறவைகள் புதர்களுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. மார்பெல்லாம் புள்ளி விழுந்த ஒரு சாம்பல் நிறப் பறவை மட்டும் மரத்தின் உச்சிக் கிளையில், காற்று ஆட்டிய ஆட்டத்தில் ஆடிக்கொண்டே உரக்கப் பாடியது.

"அதன் பெயர் என்ன?" என்று வினிஃப்ரெட் கேட்டார்.

"புல்லுருவிக் குருவி. புல்லுருவிப் பழத்தைத் தின்பதால்."

"நான் பிறந்த ஊரில் அதைப் புயல்சேவல் என்பார்கள்."

"ஒரே பறவைக்கு ஏன் இரண்டு பெயர்?"

"தின்னும்போது பார்த்தவர்கள் ஒன்று வைத்தார்கள். புயலில் கேட்டவர்கள் இன்னொன்று வைத்தார்கள்."