நாற்பத்தேழாம் நம்பர் கோழி

“கரண்ட் போயி மூணு மணி நேரம் ஆச்சும்மா. குஞ்சு பொரிக்கிற மெஷின் ஆறிக்கிட்டே வருது. உள்ள நூறு முட்டை!”

மூச்சு வாங்க வந்து நின்றவர் டாக்டர் ஆவுடையப்பன். ஊர்க்கோழிகளின் மரபணுவை ஆராய்கிறவர். வயது ஐம்பத்தாறு.

எதிரே தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் முப்பிடாதி. அவருடைய ஆராய்ச்சிப் பண்ணைக்கு அடுத்த தோட்டத்தில் கோழி வளர்க்கிறவள். வயது முப்பத்தொன்று.

அவளைத்தான் அவர் தன் குரு என்பார். நாலு பேர் சிரித்தாலும் என்பார். குஞ்சு நடக்கிற நடையைப் பார்த்தே தாய்க்கோழி எது என்று அவள் சொல்லிவிடுவாள். இவர் ரத்தம் எடுத்து, லேபுக்கு அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்து அதே பதிலை வாங்கி வருவார். அப்புறம் கும்பிடாமல் என்ன செய்வார்?

“ஜெனரேட்டர் என்னாச்சு?”

“புகைஞ்சு நின்னு போச்சு.”

“வச்சு எத்தன நாள்?”

“இன்னையோட பதினேழு. சேவலையும் போன வாரம் கீரி தூக்கிட்டுப் போயிட்டு. கருங்கால் ஜாதியில அசல் சேவல்னு அது ஒண்ணுதாம்மா கிடைச்சுது. மூணு ஜில்லா அலைஞ்சேன். இனி அதோட வித்து இந்த முட்டைக்குள்ளதான்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார், பாவம்.

“உங்க கோழிகள உக்கார வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அறுபது கோழி. ஒண்ணும் உக்கார மாட்டேங்கு. முட்டைய மிதிச்சுட்டு ஓடுது.”

முப்பிடாதி எழுந்து கையைக் கழுவினாள்.

“கொண்டாங்க சார்.”

அவள் கொட்டகையில் பத்துக் கூடைகள். கூடைக்கு ஒரு கோழி அடை படுத்திருந்தது. அவள் ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் கையை விட்டு, இருந்த முட்டைகளை வெளியே எடுத்தாள்.

“ஐயோ, உங்க முட்டை?”

“அடை வச்சு நாலு நாள்தான் ஆகுது. இந்த ஜாதி ஊர்ல இன்னும் இருக்கு. உங்க ஜாதிதான் இல்ல.”

கூடைக்குப் பத்தாக வைத்தாள். அவரும் ஒரு கூடையில் கையை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம்.

“கொத்துதே!”

“கொத்தட்டும்.”

மறுநாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. ஓலை ஒழுகி ஒரு கோழியின் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அது நகரவில்லை. முப்பிடாதி தண்ணீரைக் கிண்ணத்தில் ஏந்தி அதன் மூக்கருகே பிடித்தாள். இரண்டு வாய் குடித்தது, அவ்வளவுதான்.

டாக்டர் குடையை எடுத்து அதன் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கை கடுத்தது. அவர் கை மாற்றினார். கோழி அசையவே இல்லை.

“என்ன பிறவிம்மா இது!” என்றார்.

அவள் கிண்ணத்தோடு அடுத்த கூடைக்குப் போனாள்.

நான்காம் நாள் காலையில் கொட்டகைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். எண்பத்திரண்டு குஞ்சுகள். அத்தனைக்கும் கால் கறுப்பு. ஆவுடையப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மழையில் நனைந்த அந்தக் கோழி எழுந்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கியது. அதன் காலில் ஏதோ மின்னியது.

அலுமினிய வளையம். பண்ணை வளையம்.

“இது எங்க கோழியா?”

“பத்தும் உங்க கோழிதான் சார். சந்தைக்கு அனுப்பிடுன்னு ஆள்ட்ட கழிச்சுக் கொடுத்தீங்கள்லா? நான்தான் வாங்கிக்கிட்டேன்.”

“நானா? இத ஏம்மா கழிச்சேன்?”

“எனக்கு என்ன தெரியும்? நீங்கதான எழுதி வச்சிருப்பீங்க.”

நோட்டு எப்போதும் அவர் பையிலேயே இருக்கும். எடுத்தார். கோழி குஞ்சுகளோடு அவர் முழங்கால் அருகே வந்து தரையைக் கிளறியது. குனிந்து வளையத்தைப் பார்த்தார். நாற்பத்தேழு.

பக்கத்தைப் புரட்டினார். பச்சை மை. அவர் கையெழுத்தேதான்.

“சத்தமா வாசிங்க சார்” என்றாள் முப்பிடாதி.

வாசித்தார்.

“நம்பர் நாற்பத்தேழு. குறை: முட்டைமேல் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.”