லாரிக் கண்ணாடி கட்டிய படகு

எங்கள் மலை ஏரியில் ஞாயிற்றுக்கிழமை படகு விடுவதும் ஒன்று, சந்தைக் கூட்டத்துக்குள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒன்று. மிதி படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று மிதிக்கிறவர்களுக்கே தெரியாது. மோட்டார் படகுக்காரன் அலையைக் கிளப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டுப் போவான். நடு ஏரியில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. திறந்தால் நல்ல வார்த்தை வராது.

இந்தக் கூத்துக்குள் துடுப்புப் போட ஆள் பழக்குகிறவர் பிலோமினா அக்கா. எனக்கும் அவர்தான் பழக்கினார். அவர் தலையாட்டினால்தான் படகுக்காரர் சொசைட்டியில் பேட்ஜ் கிடைக்கும். பேட்ஜ் இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது. பழகும் காலத்தில் மூன்று முறை எதிலாவது இடித்தால், அக்கா ஒரு வார்த்தை சொல்வார், பெயரை அடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார் செங்கோடன். சங்ககிரிக்காரர். வயது ஐம்பத்து நாலு, அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கண்ணில் கோளாறு என்று லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். மனைவி பாவாயியோடு மலைக்கு வந்து கொழுந்தியா வீட்டில் தங்கியிருந்தார்.

"இதுவும் இல்லீன்னா ஏதாச்சும் மில்லு கேட்டுல வாட்ச்மேனாப் போகோணும்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். "லாரி வந்தா கேட்டைத் தொறந்து சலாம் போடோணும். அதுக்கு நான் இந்த ஏரியிலயே விழுந்துருவேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கவில்லை. அவ்வளவு உயிரை வாங்கினார் மனுஷன்.

துடுப்புப் படகில் ஓட்டுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பயணிகள் பின் பலகையில், அவனைப் பார்த்து உட்காருவார்கள். இதை அக்கா சொல்லக் கேட்டதும் செங்கோடன் படகை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏம்மா, எந்தக் கூறுகெட்டவன் இதைக் கண்டுபிடிச்சான்?"

"துடுப்பை இழுத்தாத்தான் பலம். தள்ளினா இல்ல. ஏறுங்க டிரைவரண்ணே."

"முதுகைக் காட்டிக்கிட்டுப் போனா முன்னால என்ன வருதுன்னு எப்படித் தெரியும்?"

"எதிர்ல ஆள் உக்காரும்ல? தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஏறுங்கன்னு சொன்னேன்."

முதல் வாரம் அவர் நாலு இழுப்புக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்புகிற பக்கமெல்லாம் படகும் திரும்பியது. அதற்குள் வாயும் ஓயாது. "ஓரமாப் போடா!" "லைட்டு போடாமத் திரும்பறான் பாரு!" ஏரியில் யாருக்கு லைட் இருக்கிறது? கத்திக்கொண்டே போய் ஒரு மிதி படகின் வயிற்றில் சொருகினார். அது ஒன்று.

"அவன் ராங் சைடுல வந்தான்" என்றார்.

"ஏரிக்கு எதுண்ணே ராங் சைடு?" என்றார் அக்கா.

அடுத்த நாள் செங்கோடனே ஒரு வழி சொன்னார். எதிரில் உட்காருகிறவர் வழி சொல்லட்டும், அவர் அதன்படி போவார். லாரியில் கிளீனர் அப்படித்தான் சொல்வானாம். அக்கா டிக்கெட் கவுண்டர்காரரைப் பிடித்து எதிரில் உட்கார வைத்தார். அவர் பாதி ஏரி வரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னார். கரைக்குத் திரும்பும்போது பதறிப்போய் "லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" என்று கத்தினார். செங்கோடன் தன் இடது கைப் பக்கமாகத் திருப்பி, படகுத்துறைத் தூணில் படார் என்று மோதினார்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் அவர் இடது இவருக்கு வலது. இது எங்கள் கரையில் சோளம் தின்கிற குரங்குக்குக்கூடத் தெரியும்.

"லெஃப்ட்டுன்னுதானே சொன்னாரு!"

"அவரோட லெஃப்ட்டுண்ணே."

"அப்ப என்னோட லெஃப்ட்டுன்னு சொல்லோணுமல்ல?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மாதாவே, எனக்கு ஏன் இந்த வேலை?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அது இரண்டு.

அதற்கு மறுநாள் காலையில் செங்கோடன் ஒரு கோணிப்பையோடு வந்தார். அதற்குள் அவர் ஓட்டிய லாரியின் பக்கக் கண்ணாடி இருந்தது. வேலையை விட்டு வரும்போது கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பயணிகள் பலகையின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தி, அதில் கண்ணாடியை முறுக்கிக் கட்டினார். துடுப்பைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துச் சரிபார்த்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த ஏரி முழுக்க அதற்குள் வந்துவிட்டது.

"எப்படி?" என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

படகுக்காரர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "போலாம்" என்று ஏறி, எதிர்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அன்றைக்கு ஒழுங்காக ஓட்டினார். நடு ஏரியில் மூன்று மிதி படகுகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தார். யார் மேலும் படவில்லை. கரைக்கு வந்ததும் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இப்பச் சொல்லும்மா."

"நல்லா ஓட்டினீங்க. இறங்குங்க."

இறங்குவதற்குக் காலை நீட்டியவர் படகுக்குள் தேடினார். "என் செருப்பு எங்க?"

"நடு ஏரியில."

"என்னது?"

"ஒண்ண அந்தத் திட்டுக்கிட்டப் போட்டேன். இன்னொண்ண இப்பத்தான், அந்த மோட்டார் படகு போச்சே, அப்பப் போட்டேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? புதுச் செருப்பும்மா அது! பாவாயி வாங்கிக் குடுத்தது! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"எதுக்குச் சொல்லணும்? உங்க காலடியிலயிருந்துதான் எடுத்தேன். உங்க மூஞ்சிக்கு நேராத் தூக்கிக் காட்டிட்டுத்தான் போட்டேன்."

செங்கோடன் வெறுங்காலோடு நின்றார். அக்கா கம்பியை முறுக்கி எடுத்து, கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"இந்தக் கண்ணாடியையே பாத்துக்கிட்டிருந்தா, ஏத்திக்கிட்டுப் போன ஆள் தண்ணியில விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாதுண்ணே. இதை வீட்டுல மாட்டி ஷேவ் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை கடைசிப் பரீட்சை. வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"அவ எதுக்கு?"

"எதிர்ல உக்கார."

செருப்புகள் மிதந்துகொண்டுதான் இருந்தன. நான்தான் போய்ப் பொறுக்கி வந்தேன். எல்லாக் கண்றாவி வேலைக்கும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாவாயி வந்தார். ஒல்லியான அம்மா. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டபோது அதற்குள் ஆளே தெரியவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினார்.

"நீங்க பேசவே வேண்டாம்மா. லெஃப்ட்டு ரைட்டு ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்து ஏரியைப் பாத்துக்கிட்டு வாங்க."

பாவாயி தலையை ஆட்டினார்.

அக்கா செங்கோடனிடம் குனிந்தார். "அண்ணே, கழுத்தைத் திருப்பக் கூடாது. அவங்க முகத்தை மட்டும் பாருங்க. பின்னால என்ன வந்தாலும் அதுல தெரியும். சின்னது வந்தா புருவம் ஏறும். பெருசு வந்தா கை தானாப் பலகையைப் பிடிக்கும். எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கண்ணு போற பக்கத்துல தெரியும். முப்பது வருசம் கூட இருந்த முகம். இதைவிடச் சுலபமான பரீட்சை நான் யாருக்கும் வச்சதில்லை."

"அவ்வளவுதானா?" என்றார் செங்கோடன். முகம் மலர்ந்துவிட்டது.

அவர் படகு முன்னால் போக, நான் என் படகில் அக்காவை ஏற்றிக்கொண்டு தொடர்ந்தேன். நானும் முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருக்கிறேன்? முன்னால் நடந்த ஒன்றையும் என் கண்ணால் பார்க்கவில்லை. எதிரில் இருந்த அக்காவின் முகத்தில்தான் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் அந்த முகம் சும்மா இருந்தது. அப்புறம் கண்கள் இடப்புறம் போய் நின்றன. ஏதோ குறுக்கே வருகிறது என்று புரிந்து இழுப்பைக் குறைத்தேன். புருவம் ஏறியது. கை பலகையைப் பிடித்தது. உதடு "திருப்பு, திருப்பு" என்று சத்தமில்லாமல் சொன்னது. அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மோதுகிற சத்தம் அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது.

துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அன்னம் மாதிரி செய்த பெரிய மிதி படகு. அதிலிருந்த குடும்பம் கூச்சல் போட்டது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நனைந்ததோடு சரி. பாவாயியும் இடுப்பு வரை நனைந்திருந்தார். கைகள் மடியில் கோத்தது கோத்தபடி இருந்தன. முகம் ரேஷன் கார்டு போட்டோவில் இருக்குமே, அப்படி இருந்தது. ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"ஏன்டி!" என்று கத்தினார் செங்கோடன். "அத்தாப் பெரிய படகு வருது, உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுதா? எப்ப?"

"அங்க தொலைவா வரும்போதே தெரிஞ்சுது. இடிக்கும்னும் தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடி பொம்மையாட்டம் உக்காந்திருந்த? பேசக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? மூஞ்சியில காட்டக் கூடாதுன்னா சொன்னாங்க? என் பொழப்பே போச்சேடி!"

பாவாயி முந்தானையைப் பிழிந்தார். அவசரப்படாமல் பிழிந்தார்.

"தொப்பூர் எறக்கத்துல ஒருக்கா 'ஐயோ'ன்னேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

செங்கோடன் கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு உங்க வண்டியிலதான் வந்தோம். எதுக்க பஸ்சு வந்துச்சு. பயந்து 'ஐயோ'ன்னுட்டேன். ஓட்டறவன் முன்னால மூஞ்சியக் கோணாதடின்னு வண்டிய ஓரங்கட்டி எறக்கி வுட்டுட்டுப் போயிட்டீங்க. மத்தியான வெய்யில். நம்ம பெரியவ அப்பக் கைக்கொழந்தை. ஆறு மைல் நடந்தேன். இருவத்தாறு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் உங்க எதிர்ல நான் மூஞ்சிய அசைச்சதில்லீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்து விலை சொல்கிற மாதிரி சொன்னார். அத்தனை நாளாக அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்தது எரிச்சல்தான். அந்த நிமிஷம் அடிக்கலாம் போல இருந்தது.

கரைக்கு வந்தோம். செங்கோடன் துடுப்புகளை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, சுவரோரம் சாத்தினார். அப்புறம் அக்காவின் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மூணாச்சும்மா. பேரை அடிக்கச் சொல்லீரு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பதினைந்து நாளில் அவரிடம் அக்கா கத்தாத கத்தல் இல்லை. அன்றைக்குக் கத்தவில்லை. பெஞ்சில் கிடந்த தன் சால்வையை எடுத்துப் பாவாயியின் தோளில் போர்த்திவிட்டார்.

"பேரு இருக்கட்டும்."

"அப்ப நான் எப்ப வரோணும்?"

"நாளைக்கு இந்தம்மாவ எதிர்ல வச்சுக்கிட்டு ஓட்டுங்க. நாளான்னிக்கும் ஓட்டுங்க. தினமும் ஓட்டுங்க. என்னைக்கு இவங்க உங்க முன்னாடி பயந்து முகத்தைச் சுளிக்கிறாங்களோ, அன்னைக்கு வந்து பேட்ஜை வாங்கிக்கங்க."

செங்கோடன் திரும்பிப் பாவாயியின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.