சாக்பீஸ் குறியில் நாலு பேர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் மாட்டப் போன மெக்கானிக் ஆரோக்கியம் பேருந்தில் வரும்போது சொன்னார். கூட்டிச் சொல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மேலப்பூவிளாகத்துச் சீராளன் தன் கல்யாணத்தன்று நாகஸ்வரக் கச்சேரியில் தூங்கிவிட்டான். வாசித்தவர் மாமனார் கலியபெருமாள். ஞாயிற்றுக்கிழமை அவர் விருந்துக்கு வருகிறார். வந்ததும், "என் வாசிப்புல எந்த இடம் பிடிச்சுது மாப்பிள்ளே?" என்று கேட்பார். பதில் இல்லாவிட்டால் மானம் போய்விடும். நல்லவேளை, கச்சேரியின் பதிவு இருந்தது.

"போன்லயே கேட்டுடறேன்" என்றான் சீராளன்.

"மாமனார் வாசிப்பைப் போன்லயா கேப்பே? மரியாதை தெரியாதவனே!" என்றான் கூட்டாளி ஆதிமூலம். அவனும் மற்றக் கூட்டாளிகளான பரஞ்சோதியும் தொப்பளானும் சேர்ந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வந்தார்கள்.

ஆரோக்கியம் அவற்றை இரண்டு மூலையில் வைத்தார். எதிரே தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இந்த ஒரு இடத்திலதான் சத்தம் சரியா வந்து சேரும். இங்கதான் உக்காரணும். காது ஸ்பீக்கர் உயரத்துக்கு இருக்கணும்."

நாலு பேரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். சீராளன் மடியில் ஆதிமூலம், அவன் மடியில் பரஞ்சோதி, உச்சியில் தொப்பளான்.

"என் காது ரொம்ப மேல போயிடுச்சே" என்றான் தொப்பளான்.

கூடிப் பேசி, குறி இருந்த இடத்தில் பள்ளம் தோண்டினார்கள். தொப்பளான் காது சரியான உயரத்துக்கு இறங்கியது. பதிவைப் போட்டார்கள்.

"அடியில கேக்குதாடா?"

"தெளிவா கேக்குது" என்றான் சீராளன். "ஆதிமூலத்துக்குப் பசிக்குது."

இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாமனாரும் வந்தார், கேட்டார். சீராளன் அழாத குறையாக உண்மையைச் சொன்னான்.

"இவ்வளவுதானா? இப்பவே வாசிக்கிறேன், கேளு" என்று அவர் நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்து அறை நடுவில் நின்றார்.

"ஐயையோ, நடுவுல நிக்காதீங்க! ரெண்டு மூலையிலேருந்தும் சத்தம் வரணும்" என்று பதறினான் பரஞ்சோதி.

"நான் ஒரு ஆளுதானேப்பா?"

ஆதிமூலம் யோசித்தான். "ஓடினீங்கன்னா ரெண்டு."

மாப்பிள்ளைக்காக அவர் ஓடினார். இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக, ஒரு ராகம் முழுக்க. பள்ளத்தில் நாலு பேரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். மாமனார் வாசிப்பு என்பதால் இம்முறை உச்சி இடம் சீராளனுக்கு.

"இப்பச் சொல்லு மாப்பிள்ளே, எப்படி?"

"பிரமாதம் மாமா. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குது."

பிறகு ஒருநாள் நானே அந்த வீட்டுக்குப் போய்க் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். தரை இடப்பக்கம் இரண்டு விரற்கடை மேடு. சீராளன் சொன்னது சரிதான்.