சுவருக்கு உள்ளே இருப்பது

"எல்லாம் எல்லாருக்கும் பொது" என்று நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர் தவசி. அந்தச் சோசலிச நாட்டில் சீர்திருத்தம் வந்து, புது ஆணை கைக்குக் கிடைத்தபோது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கட்சியே சொன்ன பிறகு என்ன செய்வது? கூட்டுப்பண்ணைக் கூட்டாளிகள் மூக்கனையும் ஒச்சப்பனையும் உட்காரவைத்து, மேடையில் பேசுகிற குரலில் வாசித்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும். உள்ளே இருப்பது உங்கள் சொந்தம். வெளியே இருப்பது அரசாங்கத்தின் சொந்தம். சுவர் இல்லாத நிலம் பறிக்கப்படும்."

மூவரும் உள்ளே நின்று கட்ட ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, வாசல் எந்தப் பக்கம்?" என்றான் ஒச்சப்பன்.

"வாசலா? கதவு திறந்திருக்கும்போது உள்ளே எது, வெளியே எது? திறக்கிற ஒவ்வொரு தடவையும் நிலம் அரசாங்கத்திடம் போய்விடும், மடையா!"

"அண்ணன் இல்லையென்றால் நாம் தெருவில்தான் நின்றிருப்போம்" என்று மூக்கன் உருகினான்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆளுயரத்துக்கு மேல் சுவர் நின்றது. தவசி மீசையை முறுக்கினார். அப்போதுதான் வெளியே எருமைக்கடா கத்தியது. உழவுக்கு இருந்த ஒரே கடா.

"போச்சு! அரசாங்கத்துக் கடாவாகிவிட்டது" என்று மூக்கன் அழுதான். "நிலம் இருக்கிறது. ஏரை யார் இழுப்பது?"

தவசி முறுக்கிய மீசையைத் தானே இறக்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அந்நேரம் பட்டா அதிகாரி வெளியே ஏணி போட்டுச் சுவரேறி, நிலத்தை அளக்க உள்ளே குதித்தார். அளந்தார். பாராட்டினார். "சரி, ஏணியை இந்தப் பக்கம் எடுத்துப் போடுங்கள், கிளம்புகிறேன்" என்றார்.

"ஏணி வெளியே இருக்கிறது. அரசாங்கச் சொத்தைத் தொடமாட்டோம்" என்றார் தவசி. "நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். எங்கள் சொந்தம்."

"நான் அரசாங்கத்தின் ஆள், தோழரே!"

"குதிக்கிற வரைக்கும்."

அதிகாரி ஆணையை மூன்று முறை படித்தார். முகம் தொங்கியது. "விதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது" என்று முனகி, சொத்துப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இவரைக் கருவி என்று எழுதுவதா, கால்நடை என்று எழுதுவதா?" என்று கேட்டார் தவசி.

"வால் இல்லையே. கருவிதான்" என்றான் ஒச்சப்பன்.

"பேசுகிறாரே! கருவி பேசுமா?" என்றான் மூக்கன்.

விவாதம் சூடேறியது. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"கால்நடை என்றே போடுங்கள், தோழர்களே. கருவிக்கு வரி உண்டு" என்றவர், முத்திரையை நன்றாக ஊதித் தன் நெற்றியிலேயே குத்திக்கொண்டார்.